ராணுவத்தில் ஷாட்கன் ஏன் எல்லார் கையிலும் இல்லை?

ஜனவரியில் ராணுவப் பயிற்சிக்காக சிங்கப்பூரின் தெக்கோங் தீவுக்குப் போகப்போகிற என் அக்கா மகன் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டது இது: "மாமா, கேம்ல ஷாட்கன் எடுத்தா ஒரே வெடியில ஆள் காலி. அப்புறம் ஏன் நிஜ ராணுவத்துல எல்லாருக்கும் எஸ்ஏஆர் 21 ரைஃபிள் மட்டும் குடுக்குறாங்க? ஷாட்கன் ஜெனீவா ஒப்பந்தத்துல தடை செஞ்சதுன்னு ஒருத்தன் சொல்றான், உண்மையா?"

தடை இல்லை. தூரமும் சுமையும்தான் காரணம். இவ்வளவுதான் பதில் என்று அனுப்பிவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனால் என்எஸ்ஸில், அதாவது கட்டாய ராணுவ சேவையில், ஆர்ம்ஸ்கோட் என்கிற ஆயுதக் கிடங்கில் உட்கார்ந்து துப்பாக்கி எண்ணியவன் நான். அப்புறம் சுவா சூ காங் பக்கம் போய்ப் பறக்கும் தட்டு, அதாவது வானில் வீசும் களிமண் தட்டு, சுடும் பழக்கம் பல வருஷமாக இருக்கிறது. இந்தக் கேள்வியை இரண்டு வரியில் விட மனசு வரவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருந்த முகாமில் என்னென்ன ஆயுதம் பார்த்தேன், எது பார்க்கவில்லை என்று கேட்காதே. அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், நீயும் போடப்போகிறாய். கீழே இருப்பதெல்லாம் வெளியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

முதலில் ஷாட்கன் என்றால் என்ன என்று பார்ப்போம். ரைஃபிள் குழலுக்குள் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதில் சுழன்று வெளியே வந்து நேராகப் போகும். ஷாட்கன் குழல் தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கும். உள்ளே ஒரு குண்டு போகாது, ஒரு பிடி ரவை, அதாவது சின்னச் சின்ன ஈய உருண்டை, போகும். நம் ஊர் மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள், உடையும் துப்பாக்கி. நடுவில் மடக்கித் தோட்டா போடும் இரட்டைக் குழல் வகைக்குப் பொருத்தமான பேர். என் தாத்தா குளுவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது துரையின் ஜீப்பில் அப்படி ஒன்று எப்போதும் கிடக்குமாம்.

'12 போர்' என்ற கணக்கு விநோதமானது. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதனால் 20 போர் என்றால் இதைவிடச் சின்னக் குழல். எண் ஏற ஏறக் குழல் குறுகும். ராணுவம் வழக்கமாக எடுப்பது 12 போர்தான். தோட்டாவுக்குள் மான் வேட்டை ரவையில் 'டபுள் ஆட்' என்கிற அளவு, 8.4 மில்லிமீட்டர் உருண்டை ஒன்பது இருக்கும். ஒரு தடவை விசையை இழுத்தால் கைத்துப்பாக்கிக் குண்டு அளவில் ஒன்பது ஈய உருண்டை ஒன்றாகக் கிளம்புகிறது. உன் கேம் சொல்வதில் இது வரைக்கும் சரி.

தப்பு எங்கே என்றால், ரவை விரியும் விதத்தில். கேமில் ரவை சல்லடை மாதிரி விரிந்து அறை முழுக்க அடிக்கும், பத்து அடி தள்ளி நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது. நிஜத்தில் இரண்டும் இல்லை. சாதாரணக் குழலில் ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய வேட்டைக்காரர்கள் கணக்கு. மூன்று மீட்டரில் கைமுஷ்டி அளவு, பத்து மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆகவே பக்கத்தில் இருந்தாலும் குறி பார்த்துத்தான் சுட வேண்டும். 35, 40 மீட்டருக்கு மேல் போனால் ரவைகளுக்கு நடுவே ஆள் நிற்கிற அளவு இடைவெளி விழுந்துவிடும். அந்தப் பத்து மீட்டரிலிருந்து இந்த நாற்பது மீட்டர் வரைக்கும் உள்ள தூரத்தில்தான் ராணுவ ஷாட்கனின் வாழ்க்கை மொத்தமும் நடந்திருக்கிறது.

சண்டை அந்தத் தூரத்துக்குள் சுருங்கிய முதல் பெரிய சமயம் முதல் உலகப் போர். 1917ல் அமெரிக்கர்கள் பிரான்ஸுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் பதுங்குகுழிகளில் கிடந்தன. ஒன்றே கால் மீட்டர் நீள ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வளைந்து வளைந்து போகும் மண் பள்ளத்தில் திரும்பக்கூட முடியாது. ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றப் போல்ட்டை, அதாவது தாழ்ப்பாள் மாதிரியான கம்பியை, இழுத்துத் தள்ள வேண்டும். அமெரிக்கர்கள் ஊரில் வாத்து சுடும் வின்செஸ்டர் 1897 பம்ப் துப்பாக்கியை, அதாவது குழலுக்கு அடியில் இருக்கும் பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஷாட்கனை, எடுத்தார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. குழலை 20 அங்குலத்துக்கு வெட்டினார்கள், அதாவது அரை மீட்டர். வேட்டைத் துப்பாக்கி ராணுவத் துப்பாக்கி ஆவது எப்படி என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வரிசையாகச் சுட்டால் குழல் கொதிக்கும், கை வைக்க முடியாது, ஆகவே குழல் மேல் ஓட்டை போட்ட இரும்புத் தகடு மூடி. அந்த மூடியோடு சேர்த்துப் பயனெட், அதாவது குழல் முனைக் கத்தி, மாட்ட ஒரு கொக்கி. தோளில் தொங்கவிட வார் வளையம். வாத்து சுடப் போகிறவனுக்கு இதில் எதுவும் தேவையில்லை, பயனெட் நிச்சயமாகத் தேவையில்லை!

அந்த வின்செஸ்டரில் இன்னொரு குணம் உண்டு. விசையை அழுத்தியபடியே பம்ப்பை முன்னும் பின்னும் இழுத்தால், ஒவ்வொரு தடவை மூடும்போதும் தானாகவே வெடிக்கும். குழலுக்கு அடியில் உள்ள தோட்டாக் குழாயில் ஐந்து, குழலின் பின்பக்கம் சுடத் தயாராக இருக்கும் அறையில் ஒன்று என்று ஆறு தோட்டா, ஒவ்வொன்றிலும் ஒன்பது ரவை. சில நொடிகளில் 54 உருண்டைகள் குறுகலான ஒரு பள்ளத்துக்குள் போகின்றன. எதிர்ப்பக்கம் நின்றவன் நிலையை யோசித்துப் பார்.

ஆனால் பிரான்ஸ் சேற்றில் ஒரு தொல்லை முளைத்தது. அந்தக் காலத் தோட்டாவின் உடம்பு காகிதம். ஈரம் பட்டால் ஊதிவிடும், ஊதிய தோட்டா அறைக்குள் நுழையாது. அப்புறம் முழுப் பித்தளைத் தோட்டா வந்தது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆர்ம்ஸ்கோட்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம் ஊர் ஈரத்தில் எண்ணெய் போட மறந்த இரும்பு எவ்வளவு சீக்கிரம் சிவக்கும் என்று நீயும் சீக்கிரமே பார்ப்பாய்.

உன் 'தடை' கதை இங்கேதான் பிறந்தது. 1918 செப்டம்பர் 19ஆம் தேதி ஜெர்மனி அமெரிக்காவுக்கு ஒரு கண்டனக் குறிப்பு அனுப்பியது. சண்டை நடந்துகொண்டிருந்ததால் சுவிட்சர்லாந்து வழியாகப் போனது. ஷாட்கன் தேவையில்லாத வேதனை தருகிறது, 1907 ஹேக் ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவுக்கு எதிரானது, ஷாட்கனோடோ அதன் தோட்டாவோடோ பிடிபடும் அமெரிக்கன் உயிரை இழப்பான் என்று மிரட்டல். கவனி, ஹேக், ஜெனீவா இல்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் சில நாளிலேயே பதில் போட்டார்: ஷாட்கன் சட்டத்துக்கு உட்பட்டதுதான், எங்கள் ஆளைக் கொன்றால் நாங்களும் பதிலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். நவம்பரில் போரே முடிந்துவிட்டது. அந்த மிரட்டல்படி யாரையும் கொன்றதாக ஆவணம் இல்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது, 1915லேயே ஈப்ர் ஊர் அருகே குளோரின் வாயுவைத் திறந்துவிட்டவர்கள், தீ கக்கும் குழாயோடு பதுங்குகுழிக்குள் வந்தவர்கள், வாத்துத் துப்பாக்கி கொடூரம் என்று மனு போட்டது. வழக்கறிஞர் புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனாலும் அந்த வாதத்தை அமெரிக்கர்கள் ஒதுக்கித் தள்ளிவிடவில்லை. 1997ல், புது ஷாட்கன் வாங்குவதற்கு முன்னால், அவர்களுடைய ராணுவச் சட்டப் பிரிவு பழைய கண்டனத்தை மறுபடி எடுத்து விரிவாக ஆராய்ந்தது. முடிவு மாறவில்லை. ரவை உடம்பில் பட்டதும் எளிதில் நசுங்கி விரியக்கூடாது என்பது மட்டும்தான் உறுத்தல். அதற்கு ஈயத்தில் ஆன்டிமனி கலந்து கெட்டியாக்குகிறார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஜோகூர் நீரிணையைக் கடந்தபோது அவர்களை எதிர்த்தவர்களில் டால்ஃபோர்ஸ் என்ற சீனத் தொண்டர் படையும் ஒன்று. 1941 கடைசியில் அவசர அவசரமாகத் திரட்டப்பட்டது. ஜான் டாலி என்ற அதிகாரியின் பேரைச் சுருக்கி வைத்த பேர். போதிய ரைஃபிள் இல்லை, வேட்டை ஷாட்கனும் பாராங் கத்தியும் தூக்கிப் போனவர்கள் அதில் உண்டு. இதை 'ராணுவத்துக்கு மாற்றிய ஷாட்கன்' என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் கையில் கிடைத்ததைத் தூக்கியது. கிராஞ்சி பக்கம் போகும்போதெல்லாம் இவர்கள் நினைப்பு வரும்.

உண்மையாகவே யோசித்து ஷாட்கனைக் கையில் எடுத்தது அடுத்த சண்டையில். 1948 முதல் 1960 வரை மலாயா அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டை. காட்டுக்குள் எதிரியைப் பார்ப்பதே பல தடவை கூப்பிடு தூரத்துக்குள்தான், அதுவும் ஒரு கணம். குறி பார்க்கும் முன் புதருக்குள் மறைந்துவிடுவான். பிரிட்டிஷ் ரோந்துகளில் முன்னால் போகும் ஆள் பிரவுனிங் ஆட்டோ-5 வைத்திருப்பது வழக்கமானது. இதுவும் அதே ஜான் பிரவுனிங் செய்ததுதான், வெடிக்கும்போது எழும் பின் உதையிலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். பிற்பாடு அந்த அனுபவத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிக்கை ஒன்று, சுமார் 30 கஜம் வரைக்கும் ஆளைத் தாக்கும் வாய்ப்பு மற்ற எல்லா ஆயுதத்தையும்விட ஷாட்கனுக்கு அதிகம் என்று எழுதியது. தாத்தாவின் துரை ஜீப்பில் வைத்திருந்தது வெறும் பந்தாவுக்கு இல்லை என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வியட்நாமிலும் ஏறக்குறைய இதே காடு, இதே கதை. அங்கே ஒரு குறும்பு மட்டும் சொல்லத் தகுந்தது. அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படையினர் இதாக்கா 37 ஷாட்கன் குழலின் வாயில் வாத்து அலகு மாதிரி ஒரு சப்பையான முனையை மாட்டினார்கள். ரவை வட்டமாக விரியாமல் பக்கவாட்டில் விரியும். ஆள் மேலே கீழே ஓடுவதில்லையே, இடமும் வலமும்தானே ஓடுவான்! முதலில் வந்த அலகுகள் முனையில் விரிசல் விட்டன, அப்புறம் வளையம் போட்டு மூடினார்கள்.

இனி உன் கேள்வியின் முதல் பாதி. இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாருக்கும் இல்லை? தெக்கோங்கில் ஒரு ரூட் மார்ச், அதாவது சுமையோடு நெடுந்தூர நடை, போய்விட்டு வந்தால் நீயே பதில் சொல்வாய். 5.56 மில்லிமீட்டர் ரைஃபிள் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். 12 போர் ரவைத் தோட்டா 45 முதல் 50 கிராம். 30 தோட்டா கொள்ளும் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, நாலு, மொத்தம் 120 ரைஃபிள் தோட்டா. அதே எடைக்கு 30 ஷாட்கன் தோட்டாதான் வரும். அதுவும் தடிமனானது, பையில் இடத்தை அடைக்கும். ரைஃபிளில் காலி மேகசினைக் கழற்றி அடுத்ததைத் தட்டினால் முடிந்தது. பெரும்பாலான ஷாட்கனில் ஆறு, ஏழு, எட்டு என்று குழாய்க்குள் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் திணிக்க வேண்டும், அதுவும் சுடுகிறவன் எதிரே இருக்கும்போது. ஈய உருண்டையைச் சாதாரணக் குண்டு துளைக்காத உடுப்பே நிறுத்திவிடும். எதிரி 200 மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால், ஷாட்கன்காரன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ரைஃபிளோ 5 மீட்டரிலும் வேலை செய்யும், 300லும் செய்யும். ஆளுக்கு ஓர் ஆயுதம்தான் என்றால் எந்தத் தளபதியும் ரைஃபிளைத்தான் கொடுப்பான்.

இந்தச் சுமைக் கணக்கை மீறப் பார்த்தவர்கள் உண்டு. 1972ல் மேக்ஸ்வெல் அட்சிசன் என்ற அமெரிக்கர் இயந்திரத் துப்பாக்கி போல் தொடர்ந்து சுடும் ஷாட்கன் ஒன்றைச் செய்தார். பிற்பாடு ஏஏ-12 என்ற பேரில் நீ கேமில் பார்ப்பது அதன் வாரிசு. காணொளியில் பார்க்க அமர்க்களமாக இருக்கும். எந்தப் பெரிய ராணுவமும் அதைப் பொது ஆயுதமாக எடுக்கவில்லை. இத்தாலியின் ஸ்பாஸ்-12 ஷாட்கனும் நிஜத்தைவிடத் திரையில்தான் அதிகம் சுட்டது என்பது என் கருத்து.

நிலைத்தது வேறு. பம்ப்பா, தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் தானியங்கியா என்கிற பழைய சண்டையைச் சொன்னால் புரியும். பம்ப்புக்கு இரண்டு கை வேண்டும், குப்புறப் படுத்துக்கொண்டு இழுத்துத் தள்ளுவது அவஸ்தை. தானியங்கிக்கு அது இல்லை. ஆனால் தானியங்கி தோட்டாவின் சக்தியை எடுத்துத்தான் அடுத்ததை ஏற்றும், வலு குறைந்த தோட்டா போட்டால் பாதியில் நின்றுவிடும். பம்ப்பை இயக்குவது உன் கை, எதைப் போட்டாலும் ஏற்றும். அமெரிக்க மரைன்கள் 1999ல் எம்1014 என்ற பேரில் எடுத்தது இத்தாலியின் பெனெல்லி எம்4. இரண்டு சின்னப் பிஸ்டன்கள் வெடிவாயுவின் வலுவுக்கு ஏற்பத் தாங்களே அளவை மாற்றிக்கொள்கின்றன. பிரிட்டன் இதையே ஆப்கானிஸ்தானுக்கு எல்128 என்று வாங்கியது, மறுபடியும் முன்னால் போகிற ஆள் கைக்குத்தான். மலாயாவிலிருந்து ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் வரை அந்த ஆளின் கவலை மாறவே இல்லை பார்.

இருந்தாலும் பம்ப் போகவில்லை. மாஸ்பெர்க் 590ஏ1ல் கனமான குழல், விசைக்காப்பும் பாதுகாப்புப் பொத்தானும் உலோகம், 3,000 முழு வலுத் தோட்டா தாங்கும் ராணுவச் சோதனை. இப்படியான துப்பாக்கி இன்று அதிகம் செய்வது ஆள் சுடும் வேலை இல்லை, கதவு திறக்கும் வேலை. உலோகத் தூளை அழுத்திச் செய்த தோட்டா பூட்டையோ கீலையோ உடைத்துவிட்டுத் தூளாகிவிடும், உள்ளே இருப்பவர் மேல் பாயாது. அதனால்தான் படையினர் இதை 'மாஸ்டர் கீ' என்று கிண்டலாகக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்கர்கள் எம்26 என்று ஒன்றை ரைஃபிளின் குழலுக்கு அடியிலேயே மாட்டிவிட்டார்கள். ரைஃபிளும் கையில் இருக்கும், சாவியும் இருக்கும். நம் வீவக அடுக்குமாடி வீட்டு இரும்புக் கேட்டையும் மரக்கதவையும் பார்க்கும்போது நகரச் சண்டையில் இந்தச் சாவிக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று தோன்றும். வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் புகலிட அறையின் எஃகுக் கதவைச் சேர்க்காமலே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைகளில் காகம் சுட ஆள் வருவார்கள், உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஷாட்கன். புளோக்குகளுக்கு நடுவே எப்படித் தைரியமாகச் சுட்டார்கள்? பறவை ரவை அவ்வளவு சின்னது, கொஞ்ச தூரத்திலேயே வேகம் செத்துவிடும். ரைஃபிள் குண்டென்றால் கிலோமீட்டர் கணக்கில் போய் யார் தலையிலாவது இறங்கும். ரைஃபிளோடு ஒப்பிட்டு நான் மேலே திட்டிய அதே குறை இங்கே வசதி.

உக்ரைன் போரில் ஷாட்கன் திரும்ப வந்திருக்கிறது. வெடியைச் சுமந்துகொண்டு நேராக ஆள் மேல் பாயும் சின்ன ட்ரோனை ரைஃபிளால் அடிப்பது குருட்டு அதிர்ஷ்டம். இரண்டு பக்கமும் ஷாட்கன் தூக்கியிருக்கிறார்கள். பெனெல்லியே ட்ரோனுக்கென்று எம்4ல் ஒரு வகை வெளியிட்டிருக்கிறது. பறக்கும் தட்டு சுடுகிறவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஒலிம்பிக்கில் ட்ராப் என்ற தட்டு சுடும் போட்டியில் 110 மில்லிமீட்டர் தட்டு மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும், அதன் முன்னால் எவ்வளவு தள்ளிச் சுட வேண்டும் என்று கை கற்றுக்கொள்ள வருஷக்கணக்கு ஆகும். தட்டு என்னை விட்டு ஓடுகிறது, ட்ரோன் அந்தப் போர்வீரனை நோக்கி வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

நீ அடுத்துக் கேட்கப்போவது தெரியும்: மாமா, நானும் ஒன்று வாங்கலாமா? வீட்டில் வைக்க முடியாது. உரிமம், கிளப், கிளப்பின் கிடங்கு, அந்த வரிசையில்தான் எல்லாம். உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தாலே 1973ஆம் வருஷச் சட்டப்படி ஐந்து முதல் பத்து வருஷம் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.

ஜனவரியில் உன் கையில் கொடுக்கப்போவது எஸ்ஏஆர் 21ம் அதைத் துடைக்க ஒரு துணியும். ராத்திரி ஆர்ம்ஸ்கோட்டில் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே கரி இருந்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வாங்கமாட்டான், மறுபடி துடைக்கச் சொல்லி அனுப்புவான். நானும் வாங்கினதில்லை.